புதுத் தலைமையாசிரியருக்கு: அலுவலக வேலையைப் பிரித்துக் கொடுத்துவிட்டு வகுப்புக்குப் போவது எப்படி?

பட்டதாரி ஆசிரியராகப் பல வருடம் பாடம் நடத்திவிட்டு, இப்போது அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியராகப் பொறுப்பேற்றிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வகுப்பை நன்றாக நடத்தியதால்தான், சீனியாரிட்டியும் கைகொடுக்க, இந்த நாற்காலி வந்தது என்று நினைத்திருப்போம். நாற்காலியோ வகுப்புப் பக்கமே விடுவதில்லை. காலை வழிபாடு முடிந்து அறைக்குள் நுழைந்தால் டிசி கேட்டு ஒருவர், பஸ் பாஸ் வரவில்லை என்று ஒருவர், மோட்டார் ஓடவில்லை என்று ஒருவர். நடுவில் மேலிடத்திலிருந்து வாட்ஸ்அப்பில் ‘இன்று மதியம் 12 மணிக்குள் அனுப்பவும்’ என்று ஒரு படிவம். நிமிர்ந்து பார்த்தால் மதியச் சாப்பாட்டு மணி அடிக்கும்.

வேலையைப் பிரித்துக் கொடுங்கள் என்று எல்லாரும் சொல்வார்கள். கொடுப்பது சுலபம்தான். கொடுத்த வேலை மறுநாளே நம் மேசைக்குத் திரும்பி வந்துவிடாமல் பார்த்துக்கொள்வதில்தான் பாடு இருக்கிறது. இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் சுமையை இறக்கி அப்படியே ஆசிரியர் தலையில் வைத்தால் பள்ளிக்கு எந்த லாபமும் இல்லை. நாம் ஒரு வகுப்பைப் பார்க்கப் போன நேரத்தில், இன்னொரு வகுப்பில் ஆசிரியர் இல்லாமல் நாற்பது பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள்.

முதலில் ஒரு வாரம் எழுதிப் பாருங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன்னால் ஒரு வாரம், மேசையில் ஒரு நோட்டு வைத்துக்கொண்டு, யார் எதற்கு வந்தார்கள், நாம்தான் வேண்டுமா என்று குறித்துக்கொண்டே வாருங்கள். அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரப் பள்ளிகளில் 2000-களின் தொடக்கத்தில் இதையே பெரிய அளவில் செய்தார்கள். பள்ளி முதல்வரின் பின்னாலேயே ஒருவர் நாள் முழுக்க நடந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அவர் என்ன செய்கிறார் என்று குறித்தார். நேரத்தில் பெரும்பகுதி நிர்வாகத்திலேயே கரைவது தெரிந்ததும், அந்த வேலைக்கென்றே பள்ளியில் தனியாக ஒரு மேலாளரை வைத்தார்கள். நமக்கு மேலாளர் எல்லாம் கிடைக்கப் போவதில்லை. ஆனால் குறித்துப் பார்ப்பதற்கு ஒரு நோட்டு போதும்.

ஒரு காலைப்பொழுது அந்த நோட்டில் இப்படி இருக்கும்:

9.25 – எட்டாம் வகுப்பு மாணவனின் அம்மா, போனஃபைட் சான்று. நான் தேவை: கையெழுத்துக்கு மட்டும்.
9.40 – மோட்டார் ஓடவில்லை. நான் தேவை: இல்லை.
9.50 – இடைநின்ற மாணவர் எண்ணிக்கை கேட்டு மெசேஜ். நான் தேவை: இல்லை.
10.15 – ஏழாம் வகுப்புக்கு ஆசிரியர் இல்லை, யாரை அனுப்புவது. நான் தேவை: இல்லை.
10.30 – பத்தாம் வகுப்பு மாணவியின் அப்பா, பெண்ணைப் படிப்பிலிருந்து நிறுத்தப் போவதாகச் சொல்கிறார். நான் தேவை: ஆமாம்.

கடைசி வரியைப் பாருங்கள். நாம்தான் உட்கார்ந்து பேசியாக வேண்டிய ஒரே விஷயம் அது. அதற்கு வந்து சேரும்போது நாலு தலைவலி ஏற்கெனவே ஏறியிருக்கும், வாசலில் இன்னும் இரண்டு பேர் காத்திருப்பார்கள். ஒரு வாரக் குறிப்பைப் புரட்டினால் எதை இறக்கி வைக்கலாம் என்பது தானாகவே தெரிந்துவிடும்.

எதைக் கொடுக்கக் கூடாது

இது சின்னப் பட்டியல்தான், ஆனால் இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

பணம். அரசு உயர்நிலைப் பள்ளியில் சம்பளம் பெற்று வழங்கும் அலுவலர் தலைமையாசிரியர்தான். பில் தயாரிப்பது இளநிலை உதவியாளராக இருக்கலாம். அரசின் சம்பள, நிதி இணையதளமான களஞ்சியத்தில் ஒப்புதல் தரும் கடைசிக் கட்டம் நம்முடையது. அந்தக் கடவுச்சொல்லையும் ஓடிபி-யையும் ‘நீங்களே போட்டுடுங்க’ என்று கொடுப்பதற்குப் பெயர் பகிர்வு அல்ல. தணிக்கையில் பதில் சொல்லப்போவது நாம்தான். முன்கூட்டியே கையெழுத்திட்ட காசோலையும் அப்படித்தான்.

பிள்ளைகளின் பாதுகாப்பு. பிள்ளைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, அப்படி ஒரு குற்றம் நடந்திருக்கலாம் என்று தெரியவந்தாலே காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். தனக்குக் கீழ் வேலை செய்பவர் சம்பந்தப்பட்ட குற்றத்தை நிறுவனப் பொறுப்பாளர் தெரிவிக்காமல் விட்டால், 21-ஆம் பிரிவுப்படி ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. ‘டீச்சர், நீங்க கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லுங்க’ என்று இதில் ஒருவரை நடுவில் நிறுத்தாதீர்கள். குழந்தைகள் உதவி எண்ணான 1098 எல்லா வகுப்பறைச் சுவரிலும் இருக்கிறதா என்று பார்ப்பதைக்கூட நாமே ஒரு முறை சுற்றி வந்து செய்வது நல்லது.

இவற்றோடு, ஆசிரியர்கள் மீதான புகார், பிறந்த தேதி திருத்தம் போன்ற பதிவேட்டுத் திருத்தங்கள், படிப்பை நிறுத்த வரும் பெற்றோரிடம் பேசுவது. அவ்வளவுதான். மற்றதெல்லாம் இன்னொருவரால் செய்யக் கூடியதே.

யாரிடம் கொடுப்பது

இங்கேதான் பல பள்ளிகளில் தடம் மாறுகிறது. கொஞ்சம் சுறுசுறுப்பான, கம்ப்யூட்டர் தெரிந்த, ‘இல்லை’ என்று சொல்லத் தெரியாத ஓர் இளம் ஆசிரியர் எல்லாப் பள்ளியிலும் இருப்பார். எமிஸ் (பள்ளி, மாணவர் விவரங்களை ஏற்றும் அரசு இணையதளம்), உதவித்தொகை, கலைத் திருவிழா, அறிவியலுக்கான வானவில் மன்றம், யாருக்கும் வேண்டாத எல்லாமே அவர் தலையில் போய் உட்காரும். பெரும்பாலும் அவர் கணக்கோ அறிவியலோ நடத்துபவராக இருப்பார். அவருடைய பத்தாம் வகுப்புப் பாடவேளை வாரத்துக்கு எத்தனை அடிபடுகிறது என்று ஒரு தரம் எண்ணிப் பாருங்கள்.

கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 27-இல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவை தவிர வேறு கல்விசாராப் பணிக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்று சொல்கிறது. பள்ளிக்குள் நடக்கும் எழுத்து வேலை நேரடியாக இதில் வராது என்று வாதாடலாம்தான். அந்தப் பிரிவு எதற்காக எழுதப்பட்டது என்று யோசித்தால், முதலில் யாரைக் கேட்பது என்பதற்கு விடை கிடைத்துவிடும்.

வரிசை என் கணக்கில் இது. முதலில் ஆசிரியரல்லாத பணியாளர்கள்: இளநிலை உதவியாளர், ஆய்வக உதவியாளர், அலுவலக உதவியாளர். ஹைடெக் லேப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும் பள்ளியில் எமிஸ் பதிவேற்றத்தை அவரிடம் கொடுக்கலாம். ஆய்வக உதவியாளரை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். செய்முறை வகுப்பு இல்லாத நேரத்தில் விண்ணப்பங்களைச் சரிபார்ப்பது, சான்றிதழ் நகல்களை வரிசைப்படுத்துவது எல்லாம் அவரால் அழகாகச் செய்ய முடியும். அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ‘இது இனிமேல் உங்க பொறுப்பு’ என்று மரியாதையாகச் சொன்னால் செய்வார். ஏவல் வேலை மாதிரி சொன்னால் செய்ய மாட்டார், அதில் நியாயமும் இருக்கிறது.

அடுத்து பள்ளி மேலாண்மைக் குழு. குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. தீர்மானத்தில் கையெழுத்து வாங்க மட்டும் அவர்களைக் கூப்பிடுவதை விட்டுவிடுங்கள். குடிநீர்த் தொட்டி, கழிவறைப் பராமரிப்பு, சுற்றுச்சுவர், ஊராட்சியில் பேசுவது, நீண்ட நாள் வராத பிள்ளையின் வீட்டுக்குப் போய் வருவது ஆகியவற்றில் அவர்கள் கை நம் கையைவிட நீளம். கொத்தனார் எந்தத் தெருவில் இருக்கிறார், எந்த வீட்டில் யார் சொன்னால் கேட்பார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.

கடைசியாகத்தான் ஆசிரியர்கள். அதுவும் படிப்போடு ஒட்டிய வேலையாக இருந்தால். தேர்வுக் கால அட்டவணை, மாற்றுப் பாடவேளை, மன்றங்கள், மெல்லக் கற்போருக்கான தனி வகுப்பு, நூலகம் ஆகியவை அவர்களுடையவை. ஒருவருக்கு ஒரு பெரிய பொறுப்பு, ஒரு சிறிய பொறுப்பு. அதற்கு மேல் வேண்டாம். பத்தாம் வகுப்பு எடுப்பவருக்குச் சிறியது மட்டும்.

இரண்டே ஆசிரியர் இருக்கும் தொடக்கப் பள்ளியில் இதெல்லாம் பொருந்தாது என்பது தெரியும். அங்கே தலைமையாசிரியரே வகுப்பாசிரியர், அலுவலகம் என்று ஒன்று கிடையாது. அங்கே செய்யக்கூடியது, எழுத்து வேலை எல்லாவற்றையும் மூன்றரை மணிக்குப் பிறகான ஒரு நேரத்துக்குத் தள்ளுவதும், மேலாண்மைக் குழுவை உண்மையாகவே பயன்படுத்துவதும்தான்.

எப்படிக் கொடுப்பது

ஆசிரியர் கூட்டத்தில் ‘இதை நீங்க பாத்துக்கங்க சார்’ என்று சொல்வதோடு முடித்தால், அவர் பார்ப்பார். ஆனால் எட்டு தடவை நம்மிடம் வந்து கேட்டுவிட்டுப் பார்ப்பார். எதை அவரே முடிவு செய்யலாம் என்று நாம் சொல்லவில்லையே. அதனால் பொறுப்பு ஒவ்வொன்றையும் அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். வேலையைக் கொடுக்கும்போதே அதைப் படிப்புப் பகுதி, காகிதப் பகுதி என்று இரண்டாக வெட்டுங்கள்.

மத்திய அரசின் உதவித்தொகைக்கான என்.எம்.எம்.எஸ். தேர்வை எடுத்துக்கொள்வோம். எட்டாம் வகுப்பில் எழுதுவது. தேர்வானால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய், நான்கு வருடத்துக்கு 48,000 ரூபாய். பெற்றோரின் ஆண்டு வருமானம் 3.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஒரு கூலித் தொழிலாளி வீட்டுக்கு இது சின்னத் தொகை இல்லை. ஆணை இப்படி இருக்கலாம்:

‘பணி: என்.எம்.எம்.எஸ். பயிற்சியும் விண்ணப்பமும்.
பொறுப்பு: எட்டாம் வகுப்புக் கணித ஆசிரியர் – பயிற்சி, மாதிரித் தேர்வு.
காகிதப் பொறுப்பு: ஆய்வக உதவியாளர் – வருமானச் சான்று, வங்கிக் கணக்கு, ஆதார் நகல் சேகரிப்பு, பதிவேற்றம், தேர்வானவர்களுக்கு வருடாவருடம் புதுப்பித்தல்.
தாமே முடிவு செய்யலாம்: பயிற்சி நேரம், பெற்றோரை அழைப்பது, மாதிரித் தேர்வு நாள்.
என்னைக் கேட்க வேண்டியது: பணம் செலவாகும் எதுவும்; தகுதியுள்ள ஒரு மாணவரின் பெயரை விடுவது.
எனக்குச் சொல்ல வேண்டியது: கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்பு, யார் யார் விண்ணப்பம் இன்னும் முடியவில்லை என்ற பட்டியல்.’

அந்தப் ‘புதுப்பித்தல்’ என்ற சொல்லை எழுதாமல் விட்டால், தேர்வான பிள்ளைக்கு அடுத்த வருடம் பணம் வராது. யார் வேலை என்று அப்போது தேடுவார்கள். தேர்வாகும் வரைதான் எல்லாரும் உற்சாகமாக இருப்பார்கள். பத்தாம் வகுப்புக்குப் போனதும் அந்தப் பிள்ளையின் கோப்பை யாரும் தொட மாட்டார்கள்.

‘தாமே முடிவு செய்யலாம்’ என்ற வரி இல்லாத ஆணையைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். அந்த வரிதான் உண்மையில் நாம் கொடுப்பது. மற்றதெல்லாம் வெறும் வேலை.

கொடுத்தது திரும்பி வராமல் இருக்க

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஊரில் யாருக்கும் நம் அரைப் பக்க ஆணையைப் பற்றித் தெரியாது. பள்ளி என்றால் எச்.எம். அறைதான். நேராக அங்கேதான் வருவார்கள். வந்தவர் சொல்வதைக் கேட்டு, ‘சரி, நான் பாக்கறேன்’ என்று ஒரு தரம் சொல்லிவிட்டால் போதும், போன மாதம் கொடுத்த வேலை அந்த நொடியே நம்முடையதாகிவிடும்.

‘ஐயா, புள்ளைக்கு பஸ் பாஸ் இன்னும் வரலீங்க.’

‘வாங்க, உக்காருங்க. பஸ் பாஸெல்லாம் நம்ம பி.இ.டி. சார்தான் பாக்கறார். எந்த வகுப்பு புள்ள? சரி, வாங்க, நான் காட்டறேன்.’

எழுந்து அவரோடு நடந்து போய், ‘சார், இவர் ஏழாம் வகுப்புப் பையனோட அப்பா. பாஸ் விஷயமா வந்திருக்கார்’ என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுங்கள். அங்கே நின்று, ‘என்ன சார், இன்னும் ஏன் வரல?’ என்று கேட்காதீர்கள். பெற்றோர் முன்னால் அப்படி ஒரு கேள்வி கேட்டால் அடுத்த முறை அந்த ஆசிரியர், ‘எச்.எம்.மையே பாத்துருங்க’ என்று அனுப்பிவிடுவார். கேட்க வேண்டியதைச் சாயங்காலம் தனியாகக் கேட்கலாம். பொறுப்பாளர் ஒரு முடிவு சொல்லி, அது நம் விருப்பத்துக்குக் கொஞ்சம் மாறாக இருந்தாலும், யாருக்கும் கெடுதல் இல்லை என்றால் அப்படியே விட்டுவிடுங்கள்.

நுழைவாயிலுக்குப் பக்கத்தில், பெரிய எழுத்தில், எதற்கு யாரைப் பார்க்க வேண்டும் என்று ஒரு பலகை மாட்டுங்கள். பொறுப்பின் பெயரோடு ஆள் உட்காரும் இடமும் இருக்கட்டும். படிக்கத் தெரியாத பெற்றோரும் வருவார்கள். அவர்களுக்கு அலுவலக உதவியாளரே பலகை. யார் வந்தாலும் முதலில் அவர் விசாரித்து, உரிய ஆளிடம் கொண்டுபோய் விட வேண்டும். படிப்பு நிற்பது, அடிதடி, பிள்ளையின் உடல்நிலை, பாதுகாப்பு பற்றிய பேச்சு என்றால் நேராக நம்மிடம்.

மேலிடத்துப் புள்ளிவிவரம்தான் பெரிய தொல்லை. அதற்கு ஒரு நோட்டு போடச் சொல்லுங்கள். வகுப்புவாரி, பாலினவாரி, இனவாரி எண்ணிக்கை, மாற்றுத்திறன் மாணவர்கள், வகுப்பறைகள், கழிவறைகள், பணியிடங்கள், காலியிடங்கள் எல்லாம் அதில் இருக்கட்டும். மாதம் ஒன்றாம் தேதி இளநிலை உதவியாளர் அதைப் புதுப்பிப்பார். கேட்கப்படும் படிவங்களில் பெரும்பாலானவை இந்த நோட்டிலிருந்தே நிரம்பிவிடும், தலைப்பும் வரிசையும்தான் மாறும். நாடு முழுவதும் பள்ளிகளின் விவரம் திரட்டும் யுடைஸ் பதிவுக்குச் செப்டம்பர் 30-ஆம் தேதி நிலவரம்தான் கணக்கு என்பதால், அந்த மாத நோட்டை மட்டும் நாமும் உட்கார்ந்து பார்த்துவிடுவது நல்லது. வாட்ஸ்அப் குழுவைக் காலை ஒரு முறை, மதியம் ஒரு முறை பார்த்தால் போதும். நடுவில் அவசரம் என்றால் போன் வரும். ‘எச்.எம். வகுப்புல இருக்காங்க, பதினொன்றரைக்குப் பேசுவாங்க’ என்று மேலதிகாரி அலுவலகத்துக்குச் சொல்ல இளநிலை உதவியாளர் முதலில் பயப்படுவார். சொல்லச் சொல்லுங்கள். பதினொன்றரைக்கு மறக்காமல் பேசுங்கள். நாலு தடவை இப்படி நடந்தால் அங்கேயும் பழகிவிடும்.

மாற்றுப் பாடவேளையை உதவித் தலைமையாசிரியரிடமோ, பணிமூப்பில் அடுத்தவரிடமோ முழுதாக விட்டுவிடுங்கள். முதல் மணிக்கு முன்னால் பலகையில் ஏறிவிட வேண்டும், ஒருவருக்கு ஒரு நாளில் ஒன்றுக்கு மேல் கூடாது. இந்த இரண்டு விதி போதும். யார் யாருக்கு வேண்டியவர் என்ற பேச்சு எழும். நோட்டில் கணக்கு இருந்தால் அதுவே பதில் சொல்லும்.

சரிபார்ப்பு

கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளவும் முடியாது. மாதம் ஒரு நாள், ஒவ்வொரு பொறுப்பிலும் ஒன்றிரண்டை மட்டும் உருவிப் பாருங்கள். சேர்க்கைப் பதிவேட்டில் ஐந்து பெயரை எடுத்து எமிஸில் பிறந்த தேதியும் எழுத்தும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம். சத்துணவில் சாப்பிட்டவர் எண்ணிக்கையை அன்றைய வருகைப் பதிவேட்டோடு வைத்துப் பார்க்கலாம். சாப்பாட்டை ருசி பார்ப்பதையும் முறை வைத்துக்கொள்ளலாம். ரொக்கப் பதிவேடு மட்டும் மாத முடிவு வரை காத்திருக்கக் கூடாது. தப்பு கிடைத்தால் வேலையைப் பிடுங்கிக்கொள்ளாதீர்கள். எந்த இடத்தில் பிசகியது என்று காட்டித் திருத்தச் சொல்லுங்கள்.

கிடைத்த நேரத்தை வைத்து

இவ்வளவும் செய்து மிச்சமாகும் நேரத்தை அன்றே சுவரில் மாட்டாவிட்டால், வேறு ஏதாவது வந்து தின்றுவிடும். பள்ளிக் கால அட்டவணையில் ஆசிரியர்கள் பெயரோடு நம் பெயருக்கும் ஒரு வரிசை போடுங்கள். நாம் நடத்தும் பாடம், அதுபோக தினமும் இரண்டு பாடவேளை ‘வகுப்புப் பார்வை’. சொந்தமாக ஒரு வகுப்பைக் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பதாம் வகுப்புக்கு வாரம் சில பாடவேளை எடுக்கும் தலைமையாசிரியர் சொல்வதை ஆசிரியர்கள் கேட்கும் விதமே வேறு.

முதல் இரண்டு வாரம் வகுப்புக்குள் படிவம் எதையும் எடுத்துப் போகாதீர்கள். கையில் தாளும் பேனாவும் இருந்தால் அது ஆய்வு. ஆசிரியர் அன்றைக்கு நமக்காக ஒரு பாடம் நடத்திக் காட்டுவார். கடைசி பெஞ்சில் போய் உட்காருங்கள். முன்வரிசையில் ஒன்று, நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று என மூன்று நோட்டைப் புரட்டுங்கள். முன்வரிசை நோட்டில் எல்லாம் இருக்கும். கடைசி வரிசை நோட்டில் எந்தத் தேதியோடு எழுத்து நின்றுபோயிருக்கிறது என்று பாருங்கள். பக்கத்துப் பையனிடம் மெதுவாக, ‘இப்ப என்ன கணக்குப் போட்டுட்டு இருக்கீங்க?’ என்று கேளுங்கள். அவன் சொல்லும் பதிலில் அந்தப் பாடத்தின் நிலைமை தெரிந்துவிடும்.

வெளியே வந்த பிறகு, அன்றைக்கே, ஆசிரியரிடம் ஒரே ஒரு விஷயம் பேசுங்கள். ‘டீச்சர், அந்தக் கடைசி வரிசைப் பொண்ணு பின்னம் வரைக்கும் நல்லா போடறா. வகுத்தல்லதான் நிக்கறா. அதை மட்டும் நாளைக்கு ஒரு அஞ்சு நிமிஷம் பாத்துடலாமா?’ இது போதும். ஏழு குறையைப் பட்டியல் போட்டால் ஒன்றும் நடக்காது. மறுபடி அந்த வகுப்புக்குப் போகும்போது அந்த ஒன்றை மட்டும் பாருங்கள்.

ஆறாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்தவர்களில் தமிழ் எழுத்துக்கூட்டிக்கூடப் படிக்க முடியாதவர்கள் இருப்பார்கள். தினமும் ஐந்து பேரை நம் அறைக்கு வரச் சொல்லி, ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். பதினைந்து நிமிடம் ஆகும். ஜூலை முடிவதற்குள் அந்த வகுப்பு முழுவதும் எங்கே நிற்கிறது என்பது எந்த இணையதளமும் சொல்லாத அளவுக்கு நமக்குத் தெரிந்திருக்கும்.

எதில் தொடங்குவது

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் பிரித்துக் கொடுத்தால் பள்ளி குழம்பும். ஜூனில் மாற்றுப் பாடவேளை, பஸ் பாஸ், புள்ளிவிவர நோட்டு இந்த மூன்று மட்டும். அவை ஓட ஆரம்பித்ததும் உதவித்தொகைகள், மன்றங்கள். காலாண்டுத் தேர்வுக்குப் பிறகு மீதி.

ஒவ்வொரு பொறுப்புக்கும் அடுத்து ஒருவர் பெயரையும் ஆணையில் எழுதிவையுங்கள். பொது மாறுதல் கலந்தாய்வில் நம் சிறந்த பொறுப்பாளர் சொந்த ஊருக்குப் போய்விடுவார், அது அவர் உரிமை. போவதற்கு முன் கோப்புகளையும் நோட்டையும் அடுத்தவரிடம் உட்கார்ந்து ஒப்படைக்கச் சொல்லுங்கள். தளங்களின் கடவுச்சொல்லை அன்றே மாற்றுங்கள். பதிவு செய்த போன் எண் அவருடைய சொந்த எண்ணாக இருந்தால் அதையும் அவர் இருக்கும்போதே மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் நவம்பரில் ஓடிபி-க்காக இருநூறு கிலோமீட்டர் தள்ளி வகுப்பில் இருக்கும் ஒருவரைப் போனில் கூப்பிட்டுக்கொண்டிருப்போம்.